சாலையைக் கடந்த அங்சானா

ஜாலான் புசாருக்குப் பின்னாலுள்ள கிளைச்சாலையில் நின்ற அங்சானா மரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாலையைக் கடந்து எதிர்வீட்டுக்குக் குடிபோனது. நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் எரியும்வரை காத்திருந்துதான் கடந்தது.

எதிர்வீடு யதீசனுடையது. பழைய கடைவீடு. கீழே அவனுடைய கணக்காய்வு அலுவலகம், மேலே குடியிருப்பு. அவன் மனைவி வினுஷா நோயில் படுத்திருந்தபோது, மாடிச் சன்னலில் அவளுக்குத் தெரிந்த ஒரே பச்சை அந்த மரம்தான். அங்சானா ஆண்டில் சில நாள்தான் பூக்கும். வினுஷா இறந்த மறுநாளிலிருந்து அது தினமும் பூத்தது. யதீசன் மற்றவர்களோடு பேசுவதை நிறுத்தினான். சன்னலைத் திறப்பதை நிறுத்தவில்லை. அவனிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

சொத்து மதிப்பீட்டாளர் முபாரக் வந்தார். ஆண்டு முழுவதும் பூ தெரியும் சன்னல் என்று எழுதி, சொத்து வரிக்கு அடிப்படையான வீட்டின் ஆண்டு மதிப்பை உயர்த்தினார். யதீசன் மறுப்பின்றி வரி கட்டினான். அடுத்த ஆண்டு நகர மன்றம் கூடி, வேர் வடிகாலைத் தூக்குவதால் மரத்தை அகற்ற முடிவெடுத்தது. அந்தத் தெருவின் மற்ற மரங்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. யதீசனின் மேல்முறையீடு தள்ளுபடியானது. விவரம் சொல்ல மன்றத்திலிருந்து அதிகாரி சுதா வந்தாள். அவளிடம் மட்டும் யதீசன் வாய்திறந்தான்.

"மரத்தக் காட்டி வரிய ஏத்தினீங்க. இப்ப மரத்தையே எடுக்கறீங்களா?"

"வரி வேற டிபார்ட்மென்ட் லா, சார். நாங்க மரம் மட்டும்தான்."

மரம் வெட்ட வந்தவர் அறந்தாங்கிக்காரரான முத்தையா. குடியிருப்பவர்களுக்கு மாற்றிடம் சொல்லாமல் அவர் எந்த மரத்திலும் ரம்பம் வைப்பதில்லை. ஊர் வழக்கம் அப்படி. சூடம் கொளுத்தி, பறவை, அணில், கண்ணுக்குத் தெரியாதவர்கள் எல்லாரையும் பக்கத்து மரத்துக்குப் போகச் சொல்வார். மேற்பார்வையாளர் ஷங்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது என்ன கோயிலா? லாரி வெயிட் பண்ணுது லா."

"உன்னைய வீட்ட விட்டுக் கிளப்புனா ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? சும்மா இருப்பா."

முத்தையா சுற்றிப் பார்த்தார். கைகாட்ட வேறு மரம் இல்லை. எதிரே ஒரு கதவு திறந்திருந்தது. அதைக் காட்டினார். "இங்க குடியிருக்கிறவங்க கோவிச்சுக்காம அந்த வீட்டுக்குப் போயிடுங்க."

மைனாக்கள் முதலில் போயின. பிறகு அணில்கள். கடைசியில் மரமும் கிளம்பியது. அந்தத் தெருவில் மிக நீண்ட காலம் குடியிருந்தது அதுதான். கிளைகளைக் குடைபோல மடக்கிக்கொண்டு, கடைவீட்டு முன்நடையான ஐந்தடியில் ஏறி, வாசலில் வேர்மண்ணை உதறிவிட்டு, தயங்கி நின்றது. யதீசன் மேசையை இழுத்து வழிவிட்டான்.

"வாங்க. உள்ள இடம் இருக்கு," என்றான். வினுஷா போன பிறகு அவன் யாரையாவது வரவேற்றுச் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. நடுவிலிருந்த கூரையில்லா முற்றத்தில் மரம் வேரூன்றி, மாடி அறைகளுக்குள் கிளைகளை விரித்தது. தெருவே கைதட்டியது. முத்தையாதான் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

சுதா வெறும் குழியைப் படம் எடுத்தாள். பொது நிலத்து மரம் அகற்றப்பட்டது என்று அறிக்கை எழுதினாள். அது உண்மை. உள்ளே நிற்பது தனியார் மரம், அது மன்றத்தின் பொறுப்பில் வராது என்றாள். முபாரக் மறுபடி வந்து அளந்தார். இரண்டு அறைகளைக் கிளைகள் எடுத்துக்கொண்டதால் அவை வாடகைக்கு உதவாதவை என்று தீர்ப்பளித்து, ஆண்டு மதிப்பைப் பழைய தொகைக்கும் கீழே இறக்கினார். போகும்போது சட்டைப்பையில் ஒரு பூவை வைத்துக்கொண்டார். யதீசன் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

அடுத்த சில ஆண்டுகளில் ஃபேரர் பார்க்கில் ஒரு மழைமரம் உணவுக்கடை ஒன்றில் குடியேறியது. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு புளியமரம், மின்தூக்கியில் இடம் போதாமல் படியேறியே ஒன்பதாம் மாடிக்குப் போனது. இப்போது அந்த வட்டாரங்களின் வாடகை விளம்பரங்களில் இப்படித்தான் போடுகிறார்கள்: மூன்று அறை, ரயில் நிலையம் அருகில், வாசல் அகலமானது, மரம் ஏற்கப்படும்.