பத்து மீற்றர்ச் சதுரம்

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கண்டல் மரங்கள் 1987ஆம் ஆண்டோடு அடியோடு அழிந்துபோகும். அதன்பின் அலை கரையைத் தின்னும், இறால் ஊரைவிட்டுப் போகும், மனித குலம் கையைப் பிசையும்.

இந்தப் பேரழிவைப் பற்றி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அப்போது தெரிந்திருந்தது. ஒருவர், பல்கலைக்கழகத் தாவரவியல் பகுதியில் ஒன்பது வருடமாகத் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்த தில்லைநாதன். மற்றது அவருடைய மனைவி ஞானாம்பிகை. நிரந்தரப் பதவிக்கான நேர்முகம் அடுத்த மாதந்தான்; அங்கே காட்ட அவரிடம் இருந்தது கண்டல் அழிகிறது என்ற இந்த ஆய்வு மட்டுந்தான். அவளோ, பதவி கிடைத்துவிட்டது என்றே அளவெட்டியிலிருந்த தமையன்மாருக்குச் சொல்லிவிட்டாள். கண்டல் அழிந்தால்தான் குடும்ப மானம் தப்பும் என்ற நிலை.

ஆய்வு எளிமையானது. 1976 ஆவணியில் தொண்டைமானாற்று நீரேரிக் கரையில் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றராக நாலு மூலைக்கும் கட்டை அடித்து, சரியளவாக வெட்டிய தும்புக் கயிற்றைச் சுற்றி, உள்ளே நின்ற கண்டல் கன்றுகளை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. அடுத்த ஆவணியில் முந்நூற்று எழுபத்தைந்து. அதைக் கண்டு அவர் மனம் வருந்தினார் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அன்று திரும்பும் வழியில் நீர்வேலியில் பஸ்ஸால் இறங்கி ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் வாங்கிக்கொண்டல்லவா வீட்டுக்குப் போனார்.

இது மூன்றாவது ஆவணி. வழமைபோல ஆய்வுகூட உதவியாளர் இராசாத்தியும் வந்திருந்தாள். அந்தப் பகுதியில் மூன்று விரிவுரையாளர்களை வளர்த்து ஆளாக்கியவள். காலையில் கயிறு சுற்றியபோது இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் கைவிரித்த நீளம், மிஞ்சியது. நனைந்த கயிறு நீளத்தான் செய்யும் என்று தில்லைநாதன் தொப்பியைச் சரிசெய்தபடி விளக்கினார். போன வருடமும் இதே விளக்கத்தைத்தான் ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகச் சேர்த்திருந்தார். இராசாத்தி, எண்ணிய கன்றை மறுபடி எண்ணாதபடிக்கு ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தாள்.

மதியத்துக்குள் எண்ணி முடித்தார்கள். முந்நூற்று முப்பத்தெட்டு. மறுபடியும் அச்சொட்டாக முப்பத்தேழு குறைவு. இயற்கை இவ்வளவு ஒழுங்காக அழிவது கொடுத்துவைத்தவர்களின் கண்ணுக்குத்தான் படும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது இராசாத்தி வாய் திறந்தாள்.

“சேர், தும்புக் கயிறு நனைஞ்சால் இறுகும். நீளாது. போன வருசம் ஒரு பாகம் மிஞ்சினது, இப்ப ரெண்டு. கட்டையளை ஒருக்கால் அளந்து பாப்பமே?”

அளந்தார்கள். வடக்குத் தெற்காகப் பத்து மீற்றர். கிழக்கு மேற்காக எட்டு மீற்றர் இருபது. கட்டைதான் நிற்கிறதே என்று இத்தனை காலத்தில் அவர் ஒரு தடவைகூட மறுபடி அளக்கவில்லை. இத்தனைக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இரண்டு காணி வழக்கில் சாட்சி சொன்ன மனிதர்.

கிழக்குப் பக்கத்துத் தென்னங்காணிக்காரர் இளையதம்பி இளநீரோடு வந்தார். கட்டை இடம் மாறியதைப் பற்றிக் கேட்டதும் மறைக்கவில்லை. பழைய கட்டைகள் உக்கிப்போனதால் நல்ல பூவரசங் கட்டையாகப் பார்த்துத் தானே நட்டதாகவும் சொன்னார். நன்றியை எதிர்பார்க்கிற குரல்.

“வருசத்துக்கு ஒரு முழந்தான் தள்ளினனான், சேர். படிச்ச மனிசன்ரை காணியெண்டு கூடத் தள்ளேல்லை.”

இது தன் காணி அல்ல, அரசாங்கத்துடையது என்றார் தில்லைநாதன். அப்படியென்றால் கேட்பதற்கு ஆளில்லைத்தானே என்று இளையதம்பி ஆறுதல் சொன்னார். மேற்குப் பக்கத்துக் காணி அவருடைய மைத்துனர் முருகேசுவுடையது. இருவருக்கும் ஏழு வருடமாகப் பேச்சில்லை.

“உவன் அந்தப் பக்கத்தாலை ஒரு முழம் தள்ளேக்கை, நான் இஞ்சாலை பாத்துக்கொண்டு நிக்கிறதோ?”

அந்தச் சேற்றில் ஒரு வெங்காயம்கூட விளையாது. இருவரும் ஒரு கன்றையாவது முறிக்கவுமில்லை. ஆனாலும் எல்லைக் கட்டை ஒன்று கண்ணெதிரே நிற்க, அதை நின்ற இடத்திலேயே நிற்க விடுவது இந்தக் குடாநாட்டில் முன்னோருக்குச் செய்கிற துரோகம்.

தில்லைநாதன் வரம்பில் குந்தியிருந்து கணக்குப் போட்டார். முதல் வருடம் சதுர மீற்றருக்கு நாலு தசம் ஒன்று இரண்டு கன்று. இரண்டாம் வருடமும் அதே. இந்த வருடமும் அதே. இத்தனை நாளும் குறைந்து வந்தது கண்டல் அல்ல, நிலம். அவர் பென்சிலைக் கடித்தார். அளவெட்டித் தமையன்மாரின் முகங்கள் வரிசையாக வந்து போயின.

இராசாத்தி கயிற்றைச் சுருட்டியபடி, அவரைப் பாராமலே மெல்லச் சொன்னாள்: “நான் கன்று எண்ணினது மட்டுந்தான் சேர். அளந்ததை நான் காணேல்லை.”

ஒன்பது வருடத்தில் அவருக்கு ஒருவர் செய்த மிகப் பெரிய உபகாரம் அது. ஆனாலும் அவர் கொப்பியைத் திறந்து எட்டு மீற்றர் இருபது என்று எழுதினார். அதன் கீழே, கன்றுகளின் அடர்த்தியில் மாற்றமில்லை என்று எழுதிக் கோடும் இட்டார்.

பருத்தித்துறையிலிருந்து வந்த பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. உடம்பு லேசாக இருந்தது. உண்மைக்காகத் தன் ஆய்வையே பலி கொடுத்த மனிதனை நேர்முகக் குழு எப்படி எழுந்து நின்று வரவேற்கும், அப்போது தான் எவ்வளவு அடக்கமாகத் தலை குனிய வேண்டும் என்று வல்லை வெளி முழுக்க யோசித்துக்கொண்டே போனார்.

பதவி வேறொருவருக்குக் கிடைத்தது.