ஆளில்லாத அழைப்பு

“உங்கண்ணன் வாயே திறக்கலடி,” என்றாள் அம்மா. நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள் அப்போதுதான் பேசினாள். “இத்தனை வருஷம் கழிச்சு நானே இறங்கி வந்து, ‘உன் பெண்டாட்டியையும் கூட்டிட்டு வா’ன்னேன். ஒரு ‘ம்’ கூட இல்ல.”

மகள் மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்ந்தாள். அண்ணனாவது, பேசாமல் இருப்பதாவது!

“எவ்வளவு நேரம்மா பேசினே?”

“டீ ஆறி ஏடு படியற வரைக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அம்மாவும் அண்ணனும் பேசும் செயலி இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிரல் தொகுப்பின் மேல் ஓடுவது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று திறந்து வைத்த தொகுப்பு. அதில் போன வாரம் கைவைத்தவள் இவள்தான். அதற்கு முன்பெல்லாம் இணைப்பு அறுந்ததும் எதிர்முனை இருந்த இடம் வெறுமையாகிவிடும்; நிரல் அது தெரியாமல் அங்கே கைநீட்டி, செயலியோடு குப்புற விழும். “உன் டப்பா செத்துடுச்சு” என்று திட்டிக்கொண்டே அம்மா மறுபடி கூப்பிடுவாள். இவள் ஒரே வரியில் சோலியை முடித்தாள்: எதிர்முனை வெறுமையா, ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடு. தொகுப்பைப் பராமரிப்பவர், எந்நேரமும் விழித்திருப்பதால் எல்லோரும் ‘ஆந்தை’ என்று கூப்பிடுபவர், “ஒரு வரிதானே” என்று சேர்த்தும்விட்டார். இவளும் சுடச்சுட இரண்டு பேர் கைபேசியிலும் ஏற்றிவிட்டாள்.

இப்போது விழுவதில்லை. ஆள் போய்விட்டதை யாரிடமும் சொல்வதுமில்லை. திரையில் அழைப்பு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

“அவன் கேட்கவே இல்லம்மா. லைன் அறுந்திருக்கு. தப்பு என்னோடது.”

“அப்போ நான் அவ்வளவு நேரமும்?”

“சுவத்துக்கிட்ட பேசியிருக்கே.”

“அடிப்பாவி! மறுபடி மொதல்லேர்ந்து சொல்லணுமா? இருந்த தைரியமெல்லாம் நேத்தே செலவாயிடுச்சே!”

மகள் அந்த வரியைப் பிரித்தாள். வெறுமை என்றால் சும்மா திரும்பாதே. ‘இணைப்பு அறுந்தது’ என்று மேலே சொல். பேச்சின் நடுவே வேண்டுமென்றே இணைப்பை வெட்டி, செய்தி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆந்தைக்கு அனுப்பினாள்; அம்மாவின் கைபேசியிலும் ஏற்றினாள்.

ஆந்தை பதில் எழுதினார்: “விழாம இருந்தா போதும்னு நானும் விட்டுட்டேனே.”

மாலையில் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டாள். பாதியில் பீப் என்றது.

“போச்சுடி! அறுந்துடுச்சாம்.”

“அறுந்தது தெரியுதில்ல? அதுக்குத்தான்.”

சற்றைக்கெல்லாம் அண்ணனே கூப்பிட்டான். “ரயில் சுரங்கத்துக்குள்ள போயிடுச்சும்மா. நேத்தும் இப்படித்தான், நீதான் கோவத்துல பேசாம இருக்கேன்னு நினைச்சேன்.”

“இப்போ எதுவரைக்கும்டா கேட்டுச்சு?”

“‘உன் பெண்டாட்டி’ வரைக்கும். மிச்சம்தான் எனக்கே தெரியுமே, வழக்கமான திட்டுதானே.”

அம்மா மகளைப் பார்த்தாள்.

“உனக்குத் தெரியாதுடா,” என்றாள் பிறகு. “கேளு.”