மறந்துபோகிற வரி

என் மாமியாருக்கு நாடகத்தை உட்கார்ந்து பார்க்கத் தெரியாது. மாமா நடித்த ஒரு நகைச்சுவை நாடகத்தை எத்தனையோ வருஷம் மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் நின்றே பார்த்தவர். பார்த்தவர் என்பதுகூடத் தப்பு, கேட்டவர். வசனக் காகிதத்தில் விரலை ஓட்டிக்கொண்டே, மேடையில் யாராவது தடுமாறினால் அடிக்குரலில் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அந்த வேலையில் இருப்பவர் சிரிக்கக் கூடாது. சிரித்தால் விரல் வரி தாண்டிவிடும்.

மாமா போய் இரண்டு வருஷமாகிறது. புதுக் குழு ஒன்று அதே நாடகத்தைப் போடுவதாகச் சுவரொட்டி பார்த்துவிட்டு, "போகலாமா அத்தை?" என்று சும்மாதான் கேட்டேன். மறுநாளே புடவையைத் தேய்த்து வைத்துவிட்டார். பாவம், ஏக்கம் என்று நினைத்தேன். ஏக்கமாவது ஒன்றாவது, பழைய கோபம்.

"நாடகம் பூரா தலைகீழ்ப் பாடம் உங்க மாமாவுக்கு. அந்த ஒரு வரி மட்டும் ஒவ்வொரு தடவையும் மறந்துடும். அப்படி என்ன அலட்சியம்? இந்தப் பையனாவது ஒழுங்கா சொல்றானான்னு பாக்கணும்."

கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சண்டையை நானும் கேட்டிருக்கிறேன். நாடகம் முடிந்து வீடு வரும்வரை அத்தை பொரிந்து தள்ளுவார். மாமா வாயே திறக்க மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "நீ இருக்கேங்கற தைரியம்தான்" என்பார். அதில் சண்டை இன்னும் மூண்டு, அன்றைய சாப்பாடு ஆறிப்போகும்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். திரை உயர்ந்ததுமே அத்தையின் வலதுகை விரல் மடியில் ஊர ஆரம்பித்துவிட்டது. நடிகர்கள் வாயைத் திறக்குமுன் அவர் உதடு அசைந்தது. முன்வரிசைக்காரர் ஒருமுறை திரும்பி முறைத்தார். நான் அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தேன். அரங்கமே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, அத்தை முகம் பரீட்சை மேற்பார்வைக்கு வந்த டீச்சர் மாதிரி இருந்தது.

கதை இதுதான். கல்யாணமானவனுக்கு வேலை கிடையாது என்கிற முதலாளியிடம், தான் பிரம்மச்சாரி என்று புளுகி வேலையில் சேர்ந்தவன். ஒருநாள் முதலாளி அவன் வீட்டுக்கே வந்துவிடுகிறார். உள்ளிருந்து மனைவி வருகிறாள்.

"இந்தம்மா உனக்கு யாருப்பா?"

'பக்கத்து வீட்டுக்காரங்க சார்' என்று சொல்ல வேண்டும். அந்தப் பையன் சொல்லவில்லை. திருதிருவென்று விழித்தான். மெல்லத் திரும்பி ஓரத் திரையைப் பார்த்தான்.

"பக்கத்து வீட்டுக்காரங்க சார்!" என்றார் அத்தை.

நல்லவேளை, கூட்டத்தின் சிரிப்பில் அது அமுங்கிவிட்டது. பக்கத்து நாற்காலிப் பெரியவருக்கு மட்டும் கேட்டுவிட்டது.

"அவன் மறக்கலைம்மா. அந்தக் காலத்துல நடிச்சவர் அப்படித்தான் பண்ணுவார். கேள்வியைக் கேட்டதும் ஓரமா திரும்பி ஒரு பார்வை. கண்ணெல்லாம் சிரிப்பா இருக்கும். பொண்டாட்டியை யாரோன்னு எப்படிச் சொல்றதுன்னு கெஞ்சுற மாதிரி. அதைப் பாக்கவே நான் திரும்பத் திரும்பப் போவேன். இவன் ஏதோ முயற்சி பண்றான், ஆனா அது வராது."

அத்தையின் மடியில் விரல் நின்றுவிட்டது. மாமா மறந்தாரா, மறந்த மாதிரி நின்றாரா என்று இனி யாரைக் கேட்பது? அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு எங்கே தெரியும்மா?" என்றார் மெதுவாக. "நான் நிமிர்ந்தே பாத்ததில்ல. கண்ணு காகிதத்துலயே இருக்கும்."

மேடையில் அடுத்த காட்சி வந்துவிட்டது. பொய் வெளிப்பட்டு, மனைவி பெட்டியோடு கிளம்பும் இடம். நாடகத்திலேயே அழுகை வரும் காட்சி அது ஒன்றுதான். அரங்கம் கப்சிப் என்று இருந்தது.

அப்போதுதான் அத்தை சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் அழுத்தியும் அடங்கவில்லை, தோள் குலுங்கியது. முன்வரிசையில் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கண்ணைத் துடைக்காமல், நிமிர்ந்து, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.