நூறு அடிக்குள் எல்மர் நுட்சன்

தேவாலய வாசலில் அப்பாவின் பெரிய படத்தை நிறுத்தி, அது சாயாமலிருக்க அடியில் பாட்டுப் புத்தகம் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தாள் மார்னி. தேர்தல் அதிகாரி வெர்னா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“தப்பா எடுத்துக்காத கண்ணு. இந்தப் படம் இங்க இருக்கக் கூடாது. ஓட்டுச் சாவடிக்கு நூறு அடிக்குள்ள வேட்பாளர் படம் வைக்கக் கூடாதுன்னு சட்டம்.”

“அவர் செத்துட்டாரே, வெர்னா.”

“ஓட்டுச் சீட்டுல இன்னும் இருக்காரே. நான் என்ன பண்ணட்டும்?”

எல்மர் நுட்சன் வடக்கு டகோட்டா மாநில செனட்டில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர். எட்டாவது தடவைக்கு ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில், போன வியாழக்கிழமை, யார் வீட்டுப் படியிலோ மாரடைப்பு. அதற்குள் சீட்டு அச்சாகிவிட்டது. புதன்கிழமை பனிப்புயல் வருகிறது, செவ்வாயன்றே அடக்கம் செய்துவிடலாம் என்றார் பாதிரியார். செவ்வாய் தேர்தல் நாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஊருக்கு இருப்பதோ ஒரே தேவாலயம். ஆக, மேலே சவப்பெட்டி, கீழ்த்தளத்தில் ஓட்டுப்பதிவு.

மார்னி படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஐந்து நிமிஷம் அப்பாவோடு தனியாக இருந்தால் போதும் என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள். பெட்டியருகே போகும்போதெல்லாம் யாராவது தோளைத் தொட்டார்கள். ஒருவருக்கு அவர் பாலம் கட்டித் தந்திருந்தார். இன்னொருவருடைய மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா மழையில் நனைந்துகொண்டு போயிருந்தார். மார்னியின் பட்டமளிப்புக்கு அவர் வரவில்லை. ஊரே அவரைப் பங்கு போட்டுக்கொண்டு போயிருந்தது. பெற்ற மகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கட்சியின் வட்டாரத் தலைவர் டுவேன், கையில் பன்றிக்கறி சாண்ட்விச்சோடு வந்தார்.

“மறக்காம அப்பாவுக்கே போட்டுடு மார்னி. அவர் ஜெயிச்சு இடம் காலியானாத்தான் கட்சி அங்க நம்ம ஆளைப் போட முடியும்.”

“பெட்டி பக்கத்துல நின்னு பேசற பேச்சா இது?”

“எல்மர் என் இடத்துல இருந்தா இதையேதான் கேட்டிருப்பார்.”

கேட்டிருப்பார்தான். அவளுக்கு அதுதான் வலித்தது.

கீழே இறங்கிப் போனாள். வெர்னா பெயரைச் சரிபார்த்துவிட்டு ஒரு சீட்டையும் பேனாவையும் கொடுத்தாள். மூன்று பக்கமும் அட்டை மறைத்த மேஜை. மார்னி உட்கார்ந்தாள். சீட்டின் நடுவில், சின்ன எழுத்தில், எல்மர் நுட்சன். சிரிப்பில்லை, கைகுலுக்கல் இல்லை, பெயர் மட்டும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பின்னால் யாரோ வரும் காலடிச் சத்தம் கேட்டது. “மார்னி, உன்னைத்தாம்மா தேடறேன். உங்கப்பா ஒரு தடவை எங்களுக்கு...”

“கிட்டப் போகாதீங்க!” வெர்னாவின் குரல் அதட்டியது. “அவ ஓட்டுப் போட்டுட்டிருக்கா.”

மார்னி பேனாவைத் திறக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.