நரி பிடித்த காலை

பிள்ளை பிறந்து இருபத்திரண்டாம் நாள், மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நரி நின்றது. பட்டப்பகல். காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தேன். அது ஒரு முன்னங்காலை உள்ளே வைத்திருந்தது. என்னைக் கண்டும் அது ஓடவில்லை. அன்றிலிருந்து எனக்கு நித்திரை போய்விட்டது.

அதை அழைத்து வந்தவர் என் கணவர் தர்சிகன்தான். அவருடைய அக்கா, பிரியந்தி மச்சாள், எனக்குப் பத்தியக் கறி வைக்கவென்று செவன் கிங்ஸ் கடைகளிலிருந்து தினமும் பால்சுறா வாங்கி வருவார். மீன் தலையும் கழிவும் ரோசாச் செடிக்கு நல்ல பசளை என்று இவர் தோட்டத்தில் குழி வெட்டித் தாட்டார். யாழ்ப்பாணத்தில் தாட்டால் செடி தழைக்கும். இந்த நாட்டில் நகரத்துக்குள்ளேயே திரியும் நரி தோண்டித் தின்றுவிட்டு, மிச்சம் வீட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வந்தது.

நான் கத்திய கத்தலில் மனிதர் நரி பிடிக்கும் கூடு ஒன்று வாங்கி வந்தார். எலிப்பொறிகூட வைத்தறியாத ஆள். நாலு வீடியோ பார்த்ததும் வேட்டைக்காரர் ஆகிவிட்டார். மனித வாடை படக்கூடாதென்று கையுறை போட்டார். பொரித்த கோழிக்காலைக் கூட்டுக்குள் கடைசியில் வைத்தார். முதல் இரண்டு நாள் கூட்டுக் கதவு விழாமல் கட்டிவைத்து நரியைப் பழக்கினார். நரி பழகியது. நான் பழகவில்லை. தொட்டிலை விட்டு நகராமல், ஒவ்வொரு சத்தத்துக்கும் பிள்ளையைத் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு நரி கூட்டுக்குள் இருந்தது.

பிடித்தபின் என்ன செய்வதென்று இவர் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை போலும். பக்கத்து வீட்டுப் பெண் நரிகளுக்குச் சாப்பாடு வைப்பவள். நரியைப் பிடித்தால் பொலிசுக்கு அறிவிப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். இவர் பயந்துபோய், கூட்டைப் போர்வையால் மூடி உடனே காரில் ஏற்றப் பார்த்தார். எங்களுடையது வரிசை வீடு. தோட்டத்திலிருந்து தெருவுக்குப் போக வீட்டுக்குள்ளால்தான் வழி. எது உள்ளே வரக்கூடாதென்று நடுங்கினோமோ அதை இவரே தூக்கி வந்தார்.

பிள்ளையோடு முன்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்படி அவர் சொன்னார். சாத்தினேன். பிறகு, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, இந்த மனிதர் கூட்டை விழுத்திவிடுவாரோ என்று எட்டிப் பார்க்கத் திறந்தேன். அந்நேரம் பார்த்துச் சமையலறைப் படியில் கூடு சரிந்தது. கூட்டுக் கதவுக்கு அவர் கொளுக்கி மாட்டியிருக்கவில்லை. நரி நடைவழியால் பாய்ந்து வந்து, என் காலை உரசிக்கொண்டு முன்அறைக்குள் புகுந்தது.

நான் வெளியே குதித்துக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

சாத்தியபின்தான் தெரிந்தது, நான் வெளியே நிற்கிறேன், பிள்ளை உள்ளே. கைப்பிடியில் என் கை இருந்தது. அதைத் திருக எனக்கு ஏலவில்லை. உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. பிள்ளையின் சத்தமே இல்லை. பிள்ளை பெறும்போதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

“ஜெனோ, தள்ளி நில்லும்,” என்றார் தர்சிகன். என்னை விலக்கிவிட்டு உள்ளே போனார்.

நரி யன்னல் திரைக்குப் பின்னால் மூத்திரம் பெய்து நடுங்கிக்கொண்டு நின்றது. இவர் பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் யன்னலை உயர்த்த, அது தெருவில் பாய்ந்து ஓடிவிட்டது. பிள்ளை நல்ல நித்திரை. ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளையை வாங்க நான் கை நீட்டவில்லை. அவரே தொட்டிலில் கிடத்தினார்.

மத்தியானம் மச்சாள் வந்து, உடைந்து கிடந்த மேசைவிளக்கைக் கண்டு விசாரித்தார். நான் வாயெடுக்குமுன் இவர் முந்திக்கொண்டார்.

“நான்தான் அக்கா, பயத்தில வெளிய பாஞ்சு கதவைச் சாத்திப்போட்டன். ஜெனோதான் உள்ளுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினவ.”

மச்சாள் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறவன் ஒரு மனிசனா என்று கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விழவேண்டியது. இவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். எனக்கு உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது. நரிக்குப் பயந்ததைவிடப் பெரிய பயம்.

பிறகு மச்சாள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

“தாய் பக்கத்தில இருக்கும்வரைக்கும் இவனுக்கு ஒரு பயமுமில்லை,” என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.