அறுபது வயசு வரைக்கும் செருப்பு

சண்டை வந்த பிறகு அந்த ஊரில் செருப்பு ஜோடியாக விற்பது நின்றுபோயிற்று. வந்தவர்கள் ஒற்றையாகத்தான் கேட்டார்கள். அதுவும் இடது மட்டும்.

செருப்புக் கடைக்காரர் இதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஊரைக் காலி செய்துகொண்டு போன படைக்காரர்கள், போகிற போக்கில் வீட்டு வாசல்களில் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓடி ஒளிந்திருந்த ஜனங்கள் திரும்பி வந்தார்கள். இத்தனை நாள் கழித்துச் சொந்த வீட்டுக்குள் நுழைகிறோமே, நல்லபடியாக நுழைவோம் என்று வலது காலை எடுத்து வைத்தார்கள். மறந்துபோய்க்கூட ஒருவரும் இடது காலை வைக்கவில்லை. அவ்வளவு ஒழுக்கமான ஊர். ஊரை விட்டு ஓடாத சிலருக்குத்தான் கால் தப்பியது. கடைக்காரர் குடும்பமும் கடைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே பதுங்கிக் கிடந்ததால், அவர், மனைவி, மகள் மூவருக்கும் ஆறு காலும் அப்படியே இருந்தன.

இடது செருப்பு தீரத் தீர, வலது செருப்பு கூரையைத் தொட்டது.

பஸ் டிரைவர் ஊன்றுகோலோடு வந்து நின்றார். "அண்ணே, இடது ஒம்பது இருக்கா?"

"கடைசி ஒண்ணு இருக்கு. கூடவே வலதையும் எடுத்துட்டுப் போயேன். சும்மாவே தரேன்."

"அதை வச்சு நான் என்ன பண்றது? தலைக்கு வச்சுப் படுத்துக்கவா?"

"அண்ணன் தம்பி யாருக்காவது இடது போயிருந்தா ஆகுமேன்னு சொன்னேன்."

"எங்க வீட்ல எல்லாருக்கும் வலதுதான்ணே. நாங்க ஒத்துமையான குடும்பம்."

டிரைவர் போன பிறகு கடைக்காரர் வெகுநேரம் வலது செருப்புக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பிட உட்காரும்போது அவருக்கு முடிவு கிடைத்துவிட்டது.

"நம்ம வாலுக்கு இப்போ அஞ்சாம் நம்பர்" என்றார் மனைவியிடம். துறுதுறுவென்று ஒரு இடத்தில் நிற்காத மகளுக்கு வாலு என்றுதான் பெயர். "வளர்ந்தா ஆறு, மிஞ்சிப்போனா ஏழு. வலதுல எல்லா நம்பரும் நம்மகிட்ட இருக்கு. அறுபது வயசு வரைக்கும் அவ செருப்புக்குக் கவலைப்பட வேண்டாம். இடதுல என்ன இருக்கு? தொடைச்சு வச்ச மாதிரி காலி. நாளைக்கு அவளுக்கு வலது போச்சுன்னா, மிச்சம் நிக்கிற இடதுக்கு நான் எங்கே போவேன்?"

மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "காலே போகாம இருக்க வழி சொல்லத் தெரியலையா உங்களுக்கு?"

"அது நம்ம கையில இல்லை. எந்தக் கால்ங்கிறதுதான் நம்ம கையில இருக்கு."

"நல்லா இருக்கு. பெத்த பொண்ணு காலைப் பங்கு பிரிக்கிறீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்தப் பெண் என்றால் உயிர். மறுநாளே பழக்க ஆரம்பித்தார். அறையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து தெருவுக்கு, எந்தப் படியானாலும் இடது காலை முதலில் வைக்க வேண்டும். வலது முன்னால் வந்தால் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"ரெண்டையும் சேர்த்து வச்சுக் குதிச்சா என்னப்பா?" என்றாள் வாலு.

"அதிகப்பிரசங்கி. சொன்னதைச் செய்."

கிள்ளு வாங்கி வாங்கி, தூக்கத்தில் எழுந்து நடந்தாலும் இடது காலே முன்னால் போகும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள்.

ஊரில் குழாய்கள் உடைந்திருந்தன. தண்ணீருக்கு, கடைசித் தெருவைத் தாண்டி ஒரு வெட்டவெளியைக் கடந்து அடிபம்புக்குப் போக வேண்டும். இரண்டு காலோடு ஆண்கள் தலை காட்டினால், அடுத்து வந்த படைக்காரர்கள் பதுங்குகுழி வெட்டப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதனால் பெண்களும் பிள்ளைகளும்தான் குடம் தூக்கினார்கள். தபால்காரரை மட்டும் யாரும் தொடவில்லை. கடிதம் வருவது நின்றே போயிருந்தாலும் சீருடைக்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்த வெளியிலும் வெடி புதைத்திருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த ஒருநாள் தபால்காரர் துணிந்து அதில் இறங்கி, பம்பு வரை போய், வந்த தடத்திலேயே திரும்பி வந்துவிட்டார். சேறு காய்ந்து அவருடைய காலடிகள் அச்சு வார்த்தது போல் இறுகிவிட்டன. அன்று முதல் எல்லோரும் அந்தக் குழிகளில்தான் கால் வைத்தார்கள். அவர் லேசாக இடுப்பை ஒடித்து நடப்பார். கொஞ்ச நாளில் ஊரே இடுப்பை ஒடித்து நடந்தது. கைக்குழந்தைகள்கூட அப்படித்தான் நடை பழகியதாகச் சொல்வார்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததால், வாலு முதன்முதலாகக் குடத்தோடு கிளம்பினாள். கடைக்காரர் வாசல் வரை வந்து, "ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா" என்று இடது காலை வைத்துத் தெருவில் இறங்கினாள். அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

தபால்காரரின் முதல் குழி வலது காலுடையது. அதை யாரும் கடைக்காரரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

பின்னால் வந்த தையல்காரி அக்காதான் நடந்ததைச் சொன்னாள். வாலு முதல் குழியில் இடது காலை வைத்தாள். அடுத்ததில் வலது. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டன.

"காலை மாத்துடி" என்றாள் தையல்காரி.

"அப்பா இடதுதான்னு சொல்லியிருக்காரு."

மூன்றாவது குழியில் தள்ளாடினாள். குடம் ஒரு பக்கம் இழுத்தது. சமாளிக்க, இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு குதி குதித்தாள். குழிகளுக்கு வெளியே.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் உள்ளே இறங்கியவர் தபால்காரர் ஒருவர்தான். தன் தடத்தை விட்டு ஓரடி விலகினால்தான் அவளைத் தூக்க முடியும். விலகினார். தூக்கியும் விட்டார். திரும்பும்போது அவருடைய இடது கால் போயிற்று.

வாலு பிழைத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே இரண்டும் இல்லை. மனைவி அதன் பிறகு கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் வலது செருப்புகளை எடுத்துத் தூசி தட்டி, ஐந்து, ஆறு, ஏழு என்று வரிசையாக அவர் கண்ணெதிரே அடுக்கிவைத்தாள். கடைக்காரர் மட்டும், யார் வந்து துக்கம் கேட்டாலும், "சொன்ன பேச்சு தட்டாத பொண்ணு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தபால்காரர் ஊன்றுகோலோடு வந்தார். வாலு போர்வையை இடுப்பு வரை போர்த்திக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தாள்.

"வலது பதினொண்ணு இருக்காம்மா?"

"உங்களுக்காகத்தான் மாமா அப்பா சேர்த்து வச்சிருந்தாரு" என்று எட்டி எடுத்துக் கொடுத்தாள். "அப்பா, முதல் வலது போணியாகுது."

கடைக்காரர் மண்டியிட்டு, தபால்காரரின் காலில் செருப்பை மாட்டி, வாரை இழுத்துவிட்டார். கச்சிதமாக இருந்தது. தலையை நிமிர்த்தவில்லை. அப்படியே அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"விடுங்கண்ணே. இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றார் தபால்காரர்.

வாசல்படியில், முதலில் எதை வைப்பது என்ற யோசனை இல்லாமல், இருந்த காலை வைத்து இறங்கினார். புதுச் செருப்பின் சத்தம் தெருமுனை திரும்பும் வரை வாலு கேட்டுக்கொண்டிருந்தாள்.