விழுங்காத மாத்திரைகள்

வேட்டியை எடுக்கத்தான் சந்திரமதி அலமாரியைத் திறந்தாள். கணவர் லெட்சுமணனின் உடலைக் குளிப்பாட்டி முடித்ததும் கட்ட வேண்டிய வேட்டி. உருவியபோது மடிப்புக்குள்ளிருந்து ஒரு பை விழுந்தது. உள்ளே மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

புற்றுநோய் வேறு எந்த மருந்துக்கும் கேட்காமல் போன பிறகு, ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் ஒரு புது மருத்துவச் சோதனையில் அவரைச் சேர்த்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் மாற்றிய பாக்டீரியாவை உயிரோடு ரத்தத்தில் ஏற்றுவார்கள். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டு, புற்றைக் காட்டிக்கொடுக்குமாம். வேலை முடிந்ததும் அந்தக் கிருமியைக் கொல்லத்தான் இந்த மாத்திரை.

"பலவீனமாக்கின கிருமிதான் ஆன்ட்டி, ஆனா வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகாது. மாத்திரைய முடிக்கிற வரைக்கும் மாசமா இருக்கிறவங்க கிட்ட வரக்கூடாது," என்று தாதி ஜெரால்டின் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

"முடிச்சிட்டேன் லா," என்றார் லெட்சுமணன். அதை நம்பித்தான் தெப்ராவிலிருந்து மகளைக் கூலாய் வீட்டுக்கு வரச்சொன்னாள் சந்திரமதி. ஆறு மாத வயிற்றோடு லோஷினி மூன்று வாரம் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள், வாய் துடைத்தாள், வாந்தி அள்ளினாள்.

அந்தக் கிருமிகளை 'நம்ம பசங்க' என்றுதான் அவர் சொல்வார். நமக்காகச் சண்டை போடுற பசங்களை எவனாவது கொல்லுவானா என்று சிரித்தாரே, அதைத் தமாஷ் என்றல்லவா விட்டுவிட்டாள்! பேரப்பிள்ளையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தீரே, பாவி மனுஷா, அதற்கு இதுவா வழி?

வெளியே கூடாரத்தின் கீழ் எல்லோரும் எண்ணெயும் சீயக்காயும் வைக்கத் தயாராக நின்றார்கள். மாசமா இருக்கிறவள் பிணத்தைத் தொடக்கூடாது என்று நாத்தனார் ராஜம்மா காலையிலேயே தடுத்தாள். "ஒரே மக, அவ செய்யாம யாரு அண்ணி செய்வா?" என்று அவள் வாயை அடைத்தவள் சந்திரமதிதான். இப்போது லோஷினி எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்பாவின் தலைமாட்டில் குனிந்துகொண்டிருந்தாள்.

"தொடாத!" பையோடு வெளியே ஓடிவந்து கத்தினாள் சந்திரமதி.

தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல," என்றாள் ராஜம்மா, ஜெயித்த முகத்தோடு. சந்திரமதி மகளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். பிறகு பையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

லோஷினி ஈரக்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"மூணு நாளா லேசா காய்ச்சல்மா. அழுததாலன்னு நெனச்சேன்."

சந்திரமதி ஜெரால்டினை ஃபோனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"இப்பவே கூட்டிட்டு வாங்க ஆன்ட்டி. ரத்தம் எடுக்கணும், மருந்து ஏத்தணும். அங்க குளிப்பாட்டுறவங்க கிளவுஸ் போட்டுக்கட்டும்."

"ரெண்டு மணிக்கு அவர எடுக்கிறோம்மா. அதுக்கப்புறம்..."

"காத்திருக்காதீங்க ஆன்ட்டி."

மருமகன் தீபன் காரைக் கிளப்பினான். ராஜம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, புருஷன எடுக்கிற நேரத்துல எங்கடி போற?"

"கிளவுஸ் இல்லாம யாரும் அவரத் தொட வேணாம் அண்ணி. மத்தத வந்து சொல்றேன்."

கணவரின் முகத்தை இன்னொரு தடவை பார்க்கவில்லையே என்பது நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் லோஷினிக்கு ரத்தம் எடுத்து, கையில் மருந்து ஏற்றினார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகுமாம். தாதி ஒருத்தி வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடினாள். இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் நகர்த்தினாள். அங்கும் கரகரப்புதான். லோஷினி அம்மாவின் மணிக்கட்டை இறுக்கினாள்.

அப்போது ஃபோன் அடித்தது. கொள்ளி வைக்கும் மதிவாணன், லெட்சுமணனின் தம்பி மகன், மின்சுடலையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான்.

"பெரியம்மா, பெட்டிய மூடப் போறாங்க. பெரியப்பாவக் கடைசியாப் பாத்துக்குங்க."

திரையில் லெட்சுமணன் தெரிந்தார். நெற்றி நிறையத் திருநீறு. திட்டத்தான் வாயெடுத்தாள். அந்நேரம் கருவியிலிருந்து தடதடவென்று வேகமாய் ஒரு சத்தம் கிளம்பியது. தாதி கையை அசைக்காமல் அப்படியே பிடித்தாள்.

சந்திரமதி ஃபோனைத் திருப்பி மகளின் வயிற்றுப் பக்கமாக நீட்டினாள்.

"பெரியம்மா, உங்க முகமே தெரியலையே," என்றான் மதிவாணன்.

அவள் ஃபோனைத் தன் பக்கம் திருப்பவில்லை.